விலையேற்றத்துக்குத் தலைவணங்கி மன்னிப்பு: ஜப்பானின் நூறு யென் கடைகள் சொல்லும் கதை

2016 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒரு விநோத விளம்பரம் வந்தது. ஐஸ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் தலைவரும் ஊழியர்களும் கட்டடத்தின் முன் வரிசையாக நிற்கிறார்கள். எவர் முகத்திலும் சிரிப்பில்லை. பிறகு அனைவரும் ஒருசேரக் குனிந்து தலைவணங்குகிறார்கள். 'காரிகாரி-குன்' என்ற குச்சி ஐஸின் விலையை 60 யென்னிலிருந்து 70 யென்னாக உயர்த்தியதற்கு அந்நிறுவனம் பொதுமக்களிடம் கேட்ட மன்னிப்பு அது.

உயர்ந்த தொகை 10 யென்தான். அன்றைய நாணய மாற்றில் சுமார் 35 சென். ஆனால் அதற்கு முன்பு அந்த ஐஸின் விலை கடைசியாக ஏறியது 1991ஆம் ஆண்டில். இருபத்தைந்து ஆண்டுகள் அசையாமல் இருந்த விலையை ஏற்றியதால்தான் அந்தத் தலைவணக்கம். உலகப் பத்திரிகைகள் பலவும் இதை வியப்புடன் எழுதின.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் டைசோ கடைக்குள் நுழைந்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வர நினைத்து, கூடை நிறைய சாமான்களோடு ஒரு மணி நேரம் கழித்து வந்தவர்கள் ஏராளம். எந்தப் பொருளை எடுத்தாலும் ஒரே விலை என்ற அந்த முறையும், முட்டையில் ஓட்டை போடும் சின்னக் கருவி போன்ற அந்த விநோதப் பொருள்களும் எங்கிருந்து வந்தன? அவ்வளவு மலிவாக விற்க எப்படி முடிந்தது? அந்த மலிவுக்கு யார் விலை கொடுத்தார்கள்? ஜப்பானியரின் அன்றாடக் கடைவீதிக்குள் போய்ப் பார்த்தால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது.

லாரியில் தொடங்கிய வணிகம்

ஒரே விலைக் கடை ஜப்பானுக்குப் புதியதல்ல. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த தகாஷிமாயா நிறுவனம், 1930களிலேயே ஜப்பானில் '10 சென் கடை' என்ற பெயரில் எல்லாப் பொருளையும் ஒரே விலைக்கு விற்ற சிறு கடைகளை நடத்தியது. போர்க்காலத்தோடு அவை மறைந்தன.

இன்று உலகம் அறிந்த நூறு யென் கடையின் கதை ஹிரோத்தாக்கே யானோ என்பவரிடமிருந்து தொடங்குகிறது. 1943இல் பிறந்த யானோ, மாமனார் குடும்பத்தின் மீன் வளர்ப்புத் தொழிலை எடுத்து நடத்தி நொடித்துப்போனார். கடன் தாங்காமல் மனைவி, பிள்ளையுடன் ஊரைவிட்டுத் தோக்கியோவுக்கு ஓடினார். பல வேலைகள் பார்த்தார், எதுவும் நிலைக்கவில்லை. 1972இல் 'யானோ ஷோத்தென்' என்ற பெயரில் சிறு வணிகம் ஒன்றைத் தொடங்கினார். கடை என்று சொல்ல இடம் ஏதும் கிடையாது. லாரியில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய், காலி இடத்தில் பரப்பி விற்பதுதான் தொழில்.

விலை எப்படி நூறு யென் ஆனது என்பதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருநாள் மழை வரும்போல் இருந்ததால் தாமதமாகப் போயிருக்கிறார். வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே காத்திருந்தார்கள். பெட்டிகளைத் தாங்களே பிரித்து, "இது எவ்வளவு? அது எவ்வளவு?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் சீட்டைப் புரட்டி விலை சொல்ல நேரமில்லை. "எல்லாம் நூறு யென்தான்" என்று சொல்லிவிட்டார். விலைச்சீட்டு ஒட்டும் வேலை அன்றோடு ஒழிந்தது.

1977இல் டைசோ நிறுவனம் உருவானது. அதன் பிறகும் பல ஆண்டுகள் பேரங்காடிகளின் முன்புறத்திலும் படிக்கட்டு ஓரத்திலும் தற்காலிகமாகக் கடை விரிப்பதுதான் வழக்கம். நிரந்தரக் கடை 1991இல்தான் தக்காமாட்சு நகரில் திறக்கப்பட்டது.

திருப்பம் தந்த பேச்சு

யானோவின் வணிகத்தை மாற்றியது வாடிக்கையாளர் சிலரின் பேச்சு. அவருடைய கடையில் பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் சிலர், "மலிவுச் சாமான் வாங்கினால் காசுதான் நட்டம்" என்ற பொருள்படும் ஜப்பானியப் பழமொழியைச் சொல்லிக்கொண்டு நகர்ந்தது அவர் காதில் விழுந்தது. அது அவரைச் சுட்டது. லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, அடக்க விலையே நூறு யென்னை நெருங்கும் பொருள்களையும் கடையில் வைக்கத் தொடங்கினார். "இதுவும் நூறு யென்னா?" என்று ஆள்கள் வியக்க ஆரம்பித்தார்கள். அந்த வியப்புதான் பிற்காலத்தில் இந்தக் கடைகளின் மூலதனம் ஆனது.

இன்றும் இந்தக் கடைகளின் கணக்கு அதே அடிப்படையில்தான் ஓடுகிறது. எல்லாப் பொருளிலும் ஒரே அளவு லாபம் கிடைப்பதில்லை. சிலவற்றில் லாபம் மிகக் குறைவு. அவை வாடிக்கையாளரை உள்ளே இழுக்கும். வேறு சிலவற்றில் லாபம் அதிகம். கூடையில் அவையும் சேர்ந்து விழும். ஒரு பொருளைப் பல லட்சம் எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் வாங்குவதால் தயாரிப்பாளரிடம் விலை குறைகிறது. விலைச்சீட்டு, பேரம், தள்ளுபடிக் கணக்கு எதுவும் இல்லாததால் ஆள்பலமும் மிச்சம்.

யானோ 2024 பிப்ரவரியில் தம் 80ஆவது வயதில் காலமானார். அவர் விட்டுச்சென்ற நிறுவனத்தின் கடைகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன.

விநோதப் பொருள்களுக்குப் பின்னால் வீட்டுத் தேவை

நூறு யென் கடைக்குள் முதன்முறை நுழையும் வெளிநாட்டவருக்குப் பல பொருள்கள் வேடிக்கையாகத் தெரியும். ஜப்பானிய வீட்டின் நிலவரம் தெரிந்தால் அந்த வேடிக்கை விலகி, காரணம் தெரியும்.

சுவருக்குச் சுவர் முட்டுக்கொடுத்து நிற்கும் கம்பி ஒன்று அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். உள்ளே சுருள்வில் இருக்கும். திருகி நீட்டினால் இரண்டு சுவருக்கும் நடுவில் இறுக்கமாக நிற்கும். ஆணி வேண்டாம், துளை வேண்டாம். ஜப்பானில் வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சுவரில் துளை இருந்தால், அதைச் சரிசெய்யும் செலவை முன்பணத்திலிருந்து கழித்துக்கொள்வார்கள். அதனால் திரைச்சீலை தொங்கவிட, துணி காயப்போட, அலமாரிக்குள் இன்னொரு தட்டு அமைக்க, எல்லாவற்றுக்கும் இந்தக் கம்பிதான்.

மேசை, தொலைக்காட்சி, பூச்சாடி ஆகியவற்றின் அடியில் ஒட்டும் பசைத் துண்டுகள் இன்னொன்று. பார்க்க விளையாட்டுச் சாமான் போல இருக்கும். நிலநடுக்கத்தில் பொருள்கள் சரிந்து விழாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகாலில் மாட்டும் மெல்லிய வலைப்பைகள் கட்டுக்கட்டாக விற்கப்படும். உணவுத் துணுக்குகளை நீர் வடித்துத் தனியே கட்டி, எரிக்கும் குப்பைக்குரிய நாளில் வைக்க வேண்டும் என்பதால் வந்த பொருள் அது. பிளாஸ்டிக் ஒரு நாள், புட்டிகள் ஒரு நாள், காகிதம் ஒரு நாள் என்று குப்பையைப் பிரித்துப் போடும் ஊரில், பிரித்து வைக்க உதவும் பொருள்களுக்கே ஓர் அலமாரி தேவைப்படுகிறது.

சுழலும் தட்டில் நூற்றுக்கணக்கான முத்திரைகள் அடுக்கியிருப்பதையும் பார்க்கலாம். ஜப்பானில் கையெழுத்துக்குப் பதிலாகக் குடும்பப் பெயர் பொறித்த முத்திரையைக் குத்தும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அஞ்சல் பொட்டலம் வாங்குவது போன்ற சின்ன வேலைகளுக்கு நூறு யென் முத்திரை போதும். பரவலான குடும்பப் பெயர்கள் எல்லாம் அந்தத் தட்டில் அகர வரிசையில் தயாராக இருக்கும். அரசாங்கம் 2020 முதல் அலுவலக நடைமுறைகளில் முத்திரையைக் குறைத்து வருவதால் அதன் தேவையும் மெல்லக் குறைகிறது.

மைக்ரோவேவ் அடுப்பில் ஒருவருக்கு மட்டும் மீகூன் வேகவைக்கும் டப்பா, ஒரே ஒரு வாழைப்பழம் நசுங்காமல் எடுத்துப்போகும் பெட்டி, முட்டை வெடிக்காமல் வேக ஓட்டில் சிறு துளையிடும் கருவி ஆகியவற்றுக்கும் ஒரு பின்னணி உண்டு. ஜப்பானில் தனியாக வாழ்வோரின் எண்ணிக்கை மிக அதிகம். அவர்களில் முதியவர்களும் கணிசமானவர்கள். குடும்பத்துக்கென்று செய்த பெரிய பாத்திரம் அவர்களுக்கு உதவாது. ஒருவர், ஒரு வேளை, ஒரு சிறிய அடுப்பு என்ற கணக்கில்தான் அந்த அலமாரி நிறைந்திருக்கிறது.

பயன்படாத கண்டுபிடிப்புக்கும் ஒரு பெயர்

அன்றாட வசதிக்காக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் இந்தப் போக்கை ஜப்பானியரே கேலி செய்ததும் உண்டு. அஞ்சல்வழி விற்பனை இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்த கென்ஜி கவகாமி, 1980களில் இதழின் வெற்றுப் பக்கங்களை நிரப்பக் கற்பனைப் பொருள்களை வெளியிட்டார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'சிந்தோகு'. 'சின்' என்றால் விசித்திரம், 'தோகு' என்றால் கருவி.

சளி பிடித்தவர் தலையில் மாட்டிக்கொள்ளும் கழிவறைக் காகிதச் சுருள் தொப்பி, கண்ணில் சொட்டு மருந்து விட உதவும் புனல் வைத்த கண்ணாடி, சூடான மீயை ஊதி ஆற்றச் சிறு விசிறி பொருத்திய சாப்பாட்டுக் குச்சி, தவழும் குழந்தை தரையைத் துடைக்கும்படி துடைப்பான் தைத்த உடை ஆகியவை அவருடைய புகழ்பெற்ற படைப்புகள். சிந்தோகுவுக்குச் சட்டதிட்டமும் வகுத்தார். அது உண்மையில் வேலை செய்ய வேண்டும்; ஆனால் வெட்கப்படாமல் யாரும் பயன்படுத்த முடியாததாகவும் இருக்க வேண்டும். அதற்குக் காப்புரிமை வாங்கக்கூடாது. அதை விற்கவே கூடாது. விற்பனைக்கென்றே பொருள் செய்யும் சமுதாயத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவருடைய நோக்கம்.

1995இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய தொகுப்பில், நீண்ட குச்சியின் நுனியில் கேமராவைப் பொருத்தித் தன்னைத்தானே படம் எடுத்துக்கொள்ளும் கருவியும் ஒரு வேடிக்கையாக இடம்பெற்றது. இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் குச்சி பத்துமலைப் படிக்கட்டிலிருந்து பாரிஸ் கோபுரம் வரை எல்லார் கையிலும் இருந்தது. எது பயனற்றது என்று தீர்ப்புச் சொல்வது அவ்வளவு எளிதல்ல.

பத்து யென் தின்பண்டமும் செம்பனை எண்ணெயும்

ஜப்பானியச் சிறுவர்களின் கைக்காசு உலகத்தில் காரிகாரி-குன்னுக்கு இணையான இன்னொரு பெயர் 'உமாய்போ'. சோள மாவில் செய்த, நடுவில் துளையுள்ள, நீள உருளை வடிவ நொறுக்குத்தீனி. பாலாடைக்கட்டி, சோள சூப் என்று பல சுவைகள். 1979இல் விற்பனைக்கு வந்தபோது ஒன்றின் விலை 10 யென். 2022 மார்ச் வரை அதே 10 யென்.

2022 ஏப்ரலில் அது 12 யென் ஆனது. 42 ஆண்டுகளில் முதல் விலையேற்றம். அது நாடு முழுவதும் செய்தியானது. சோளம், தாவர எண்ணெய், போக்குவரத்துச் செலவு எல்லாம் கூடிவிட்டதே காரணம்.

இந்த இடத்தில் மலேசியத் தோட்டங்களுக்கும் அந்தச் சிறுவர் தின்பண்டத்துக்கும் ஒரு தொடர்பு வருகிறது. ஜப்பானில் பொட்டலத் தின்பண்டங்களில் 'தாவர எண்ணெய்' என்று குறிப்பிடப்படுவதில் செம்பனை எண்ணெய்க்கு முக்கிய இடமுண்டு. ஜப்பான் அதைப் பெரும்பாலும் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும்தான் இறக்குமதி செய்கிறது. 2022 தொடக்கத்தில் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறையும் உக்ரேன் போரும் சேர்ந்து, மலேசியச் செம்பனை எண்ணெயின் விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. குலை வெட்ட ஆளில்லாமல் போனதன் எதிரொலி, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் எண்ணெயை வாங்கித் தின்பண்டம் செய்கிறவர்களின் கணக்கிலும் கேட்டது.

2024 அக்டோபரில் உமாய்போ மீண்டும் ஏறி 15 யென் ஆனது. வரியைச் சேர்க்காமல் பார்த்தால், ஒரு நூறு யென் நாணயத்துக்கு முன்பு பத்து கிடைத்தது; பிறகு எட்டு; இப்போது ஆறு.

விலை ஏன் அசையவில்லை?

காரணம் வணிகர்களின் பெருந்தன்மை மட்டுமல்ல. ஜப்பானின் பங்குச் சந்தையும் நில விலையும் 1980களின் இறுதியில் உச்சத்துக்குப் போய், 1990களின் தொடக்கத்தில் சரிந்தன. 1989 டிசம்பரில் தொட்ட பங்குச் சந்தை உச்சத்தை மீண்டும் தாண்ட 2024 பிப்ரவரி வரை, அதாவது 34 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைக்காலத்தில் நிறுவனங்கள் சம்பளத்தை ஏற்றத் தயங்கின. சம்பளம் ஏறாத குடும்பம் செலவைச் சுருக்கியது. செலவு சுருங்கியதால் கடைக்காரர் விலையை ஏற்ற அஞ்சினார். விலை ஏறாததால் நிறுவனத்தின் வருமானம் கூடவில்லை. மறுபடியும் சம்பளம் ஏறவில்லை. செக்கைச் சுற்றும் மாடு போல முப்பது ஆண்டுகள் அதே வட்டம். நிரந்தர வேலைக்குப் பதிலாக ஒப்பந்த வேலையும் பகுதிநேர வேலையும் பெருகின.

நூறு யென் கடைகள் நாடெங்கும் பரவியது இதே காலத்தில்தான். மலிவுக் கடை மக்களுக்குக் கைகொடுத்தது உண்மை. ஆனால் விலை முப்பது ஆண்டுகள் அசையாத நாட்டில், தொழிலாளியின் சம்பளமும் முப்பது ஆண்டுகள் ஏறத்தாழ அசையாமல் கிடந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐஸுக்குப் பத்து யென் கூடியதற்கு ஒரு நிறுவனமே தலைவணங்க நேர்ந்ததன் பொருள் அதுதான். வாங்குபவரின் பையில் கூடுதலாக ஒன்றும் சேரவில்லை என்பது விற்பவருக்கும் தெரியும்.

இன்னொரு நெருக்கடி நாணய மதிப்பிலிருந்து வந்தது. நூறு யென் கடைப் பொருள்களில் பெரும்பகுதி சீனா முதலிய வெளிநாடுகளில் தயாராகிறது. 2011இல் ஓர் அமெரிக்க டாலர் சுமார் 76 யென். அப்போது நூறு யென்னை வைத்து ஒரு டாலர் முப்பது காசு பெறுமான பொருளை வாங்கலாம். 2024 நடுப்பகுதியில் ஒரு டாலர் 160 யென்னைத் தொட்டது. அதே நூறு யென் அப்போது அறுபத்திரண்டு காசுக்குத்தான் சமம். பாதிக்கும் குறைவான பணத்தில் அதே பொருளைக் கொண்டுவந்து அதே விலைக்கு விற்பது எப்படி?

விலையைத் தொடாமல் அளவைத் தொடுவது

இதற்குக் கடைகள் கண்ட வழிகள் பல. முதலாவது, பொட்டலத்துக்குள் எண்ணிக்கையைக் குறைப்பது. குப்பைப் பைகள், ஈரத் துடைப்பான்கள், மின்கலங்கள் போன்றவற்றில் விலை மாறாமல் எண்ணிக்கை மாறும். இதை ஜப்பானியர் 'மறைமுக விலையேற்றம்' என்கிறார்கள். நூறு யென் கடையில் மட்டும் நடப்பதல்ல இது. பெயர்பெற்ற பால் ஒன்று 2016இல் புதிய பெட்டிக்கு மாறியபோது, 1,000 மில்லிலிட்டர் 900 மில்லிலிட்டராகக் குறைந்தது. பெட்டி கைக்கு அடக்கமாக இருக்கிறது என்பது விளம்பரம்.

இரண்டாவது, நூறு யென் என்ற பெயரை வைத்துக்கொண்டு 200, 300, 500 யென் பொருள்களைக் கலப்பது. டைசோ இதைத்தான் செய்கிறது. அதன் போட்டியாளரான செரியா, நூறு யென் என்ற ஒரே விலையை நீண்டகாலமாக விடாமல் பிடித்துக்கொண்டு பெயர் வாங்கியது.

மூன்றாவது, வரி. ஜப்பானில் 1989இல் பயனீட்டு வரி 3 விழுக்காட்டில் தொடங்கியது. 1997இல் 5, 2014இல் 8, 2019இல் 10 விழுக்காடு என்று ஏறியது. ஆக, 'நூறு யென்' பொருளுக்கு வாடிக்கையாளர் கொடுத்தது 103, 105, 108, இப்போது 110 யென். 2021 ஏப்ரல் முதல் வரியையும் சேர்த்த மொத்த விலையைக் காட்டியாக வேண்டும் என்பது அங்கே சட்டம். சிங்கப்பூரில் டைசோ 2 வெள்ளி என்ற விலைக்குள் வரியைத் தானே ஏற்று வந்தது. 2022 மே மாதம் முதல் வரியை வாடிக்கையாளரிடம் வாங்கத் தொடங்கியபோது, அது 2.14 வெள்ளியானது.

2024 மார்ச் மாதம் இந்தக் கதையில் ஒரு திருப்பம். அந்த மாதம் காரிகாரி-குன் 80 யென் ஆனது. அதே மாதம் பெரிய தொழிற்சங்கங்களின் ஆண்டுப் பேச்சுவார்த்தையில் சராசரி சம்பள உயர்வு 5 விழுக்காட்டைத் தாண்டியது. 1991க்குப் பிறகு அப்படியொரு உயர்வு வந்ததில்லை. ஜப்பானிய மத்திய வங்கியும் 17 ஆண்டுகளில் முதன்முறையாக வட்டியை உயர்த்தியது. ஆனால் சிறு நிறுவனத் தொழிலாளிக்கும், ஓய்வூதியத்தில் வாழும் தனியாள் முதியவருக்கும் விலை முதலில் வந்து சேர்கிறது. வருமானம் பின்னால்தான் வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை.

விலை தெரியும், பொருள் தெரியாது

நூறு யென் நாணயத்துக்கு ஜப்பானில் இன்னொரு பெரிய சந்தை உண்டு. அதுதான் 'கச்சாபோன்' இயந்திரம். நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் 'கச்சா' என்ற ஒலி. பிளாஸ்டிக் உருண்டை விழும்போது 'போன்' என்ற ஒலி. இரண்டும் சேர்ந்ததுதான் பெயர். 1965இல் அமெரிக்காவிலிருந்து வந்த இயந்திரங்களால் பரவிய இந்தப் பழக்கம் இன்று பெரியவர்களையும் பிடித்திருக்கிறது. தோக்கியோவின் இக்கெபுகுரோவில் 2021இல் திறக்கப்பட்ட ஒரு கடையில் மட்டும் 3,010 இயந்திரங்கள் வரிசைகட்டி நின்று கின்னஸ் சாதனை படைத்தன. நாடு திரும்பும் பயணிகளின் பையில் மிஞ்சிய சில்லறையைக் குறிவைத்து நரித்தா விமான நிலையத்திலும் இவை வைக்கப்பட்டன.

உருண்டைக்குள் இருப்பது குவளை விளிம்பில் தொங்கும் குட்டிப் பெண் பொம்மையாகவோ, சுண்டுவிரல் அளவு அரிசிச் சட்டியாகவோ இருக்கலாம். எது வரும் என்பது விழும் வரை தெரியாது. நூறு யென் கடையில் விலையும் தெரியும், பொருளும் தெரியும். இங்கே விலை மட்டும்தான் தெரியும். இப்போது ஒரு முறைக்கு 300 முதல் 500 யென் வரை ஆகிறது. ஆறு பொம்மைகள் கொண்ட தொகுப்பை முழுமையாகச் சேர்க்க ஆறு முறை திருகினால் போதாது. ஏற்கெனவே வந்ததே திரும்பத் திரும்ப வரும்.

இதே உத்தி கைப்பேசி விளையாட்டுகளுக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல் பெரிதானது. குறிப்பிட்ட படங்களை எல்லாம் சேர்த்தால் அரிய பரிசு என்ற முறையில் சிறுவர்கள் பெற்றோரின் பணத்தைப் பெருந்தொகையாகச் செலவழித்த செய்திகள் வந்தன. 2012 மே மாதம் ஜப்பானியப் பயனீட்டாளர் விவகார அமைப்பு அந்த வகை விற்பனை சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிவித்தது. மலேசியப் பேரங்காடிகளில் இன்று பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கும் 'உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத' பொம்மைப் பெட்டிகளுக்கும் அதே உத்திதான் அடிப்படை.

கூடையை நிரப்பும் முன்

மலேசியாவில் 'ரெண்டு வெள்ளிக் கடை' என்று மக்கள் அழைக்கும் உள்ளூர்க் கடைகள் பெருகிவிட்டன. டைசோவில் 5 ரிங்கிட் என்று இருந்த விலை பின்னர் 5.90 ஆனதும் பலருக்கு நினைவிருக்கும். ஜப்பானில் 110 யென்னுக்கு, அதாவது மூன்று ரிங்கிட்டை ஒட்டிய விலைக்குக் கிடைக்கும் பொருள் இங்கே ஏறத்தாழ இருமடங்காவதற்குக் கப்பல் செலவு, பேரங்காடி வாடகை, ஊழியர் சம்பளம், இறக்குமதியாளரின் பங்கு எல்லாம் காரணம். ஜப்பானியக் கடையிலிருந்து வந்தது என்பதாலேயே எல்லாப் பொருளும் இங்கே மலிவு என்று எண்ணிவிட முடியாது.

ஒரே விலைக் கடையின் பலமே வாங்குபவரைக் கணக்குப் போடவிடாமல் செய்வதில் இருக்கிறது. ஒவ்வொன்றும் சிறு தொகை என்பதால் மனம் கூட்டிப் பார்ப்பதில்லை. கூடையில் உள்ள பொருள்களின் எண்ணிக்கையை விலையால் பெருக்கிப் பார்த்தாலே பாதி ஆசை அடங்கும்.

விலைக்குப் பதில் எண்ணிக்கையையும் எடையையும் பார்ப்பது அடுத்தது. மின்கலம் எத்தனை, குப்பைப் பை எத்தனை, சவர்க்காரம் எத்தனை மில்லிலிட்டர் என்று பார்த்து, ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது என்று பக்கத்து மளிகைக் கடையின் விலையோடு ஒப்பிடலாம். கண்ணாடிக் குவளை, பீங்கான் தட்டு, சேமிப்புப் பெட்டி போன்றவற்றில் இக்கடைகள் பெரும்பாலும் கைகொடுக்கும். நுகர்ந்து தீரும் பொருள்களில் மொத்தமாக வாங்குவதே சில வேளை மலிவாக முடியும்.

தின்பண்டம் வாங்கும்போது இறக்குமதியாளர் ஒட்டிய விவரச் சீட்டைப் படிப்பது அவசியம். ஜப்பானியத் தின்பண்டங்களின் மசாலாத் தூளில் மாட்டிறைச்சி, பன்றி, கோழிச் சாறுகள் சேர்வது வழக்கம். மென்மையான இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும். சோளச் சுவை, காய்கறிச் சுவை என்று முன்பக்கம் எழுதியிருப்பதை மட்டும் நம்பினால், சைவ உணவுக்காரர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் ஏமாறக்கூடும்.

ஜப்பானுக்குச் சுற்றுலா போய் வருபவர்கள் மின்சாதனம் வாங்கும்போது இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட்; மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 230 முதல் 240 வோல்ட். அந்நாட்டுக்கென்றே செய்த மின்சாதனத்தை இங்கே நேரடியாகப் பொருத்தினால் கருகிவிடும். பொருளின் பின்புறம் '100–240' என்று எழுதியிருந்தால் மட்டுமே அதை இங்கே அப்படியே பயன்படுத்தலாம்.

லாரியில் சாமான் விற்றுக்கொண்டிருந்த யானோவுக்கு அன்று அந்தப் பெண்கள் சொன்ன பழமொழி ஒரு பாடமானது. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைகிறவர்களுக்கும் அது பொருந்தும். வீட்டில் தினமும் கைக்கு வரும் பொருளென்றால் ஆறு ரிங்கிட் மலிவு. இழுப்பறையில் போய்க் கிடக்கும் பொருளென்றால் இரண்டு ரிங்கிட்டும் நட்டம்தான்.